வன்முறைக் குற்றத்திற்காகச் சிறை சென்றவரின் வேலையும் மறுவாழ்வும்: குடும்பத்தினருக்கான வழிகாட்டி

அடிதடி, கத்திக்குத்து, காயம் விளைவித்துக் கொள்ளையடித்தல், ஆயுதத்துடன் கலவரம் செய்தல், கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் போன்ற குற்றங்களுக்காகச் சிங்கப்பூரின் சாங்கிச் சிறை வளாகத்தில் தண்டனை அனுபவிப்பவர்களின் பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோர் ஆகியோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. போதைப்பொருள் குற்றங்களுக்காக உள்ளே சென்றவர்களைப் பற்றி நம் சமூகத்தில் ஓரளவு பேசப்படுகிறது. வன்முறைக்காகச் சென்றவரைப் பற்றிப் பேசக் குடும்பமே கூசுகிறது. அந்தக் கூச்சத்தால் கேட்க வேண்டிய கேள்விகளை உரிய காலத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "உள்ளே நன்றாக வேலை செய்கிறானாம், இனிக் கவலையில்லை" என்று பெற்றோர் பலர் ஆறுதல் அடைகிறார்கள். வன்முறைக் குற்றவாளிகளைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். குற்றம் புரிந்த நாளிலும் அவர்களில் பலர் வேலையில் இருந்தவர்களே. லாரி ஓட்டியவர்கள், கப்பல் பட்டறையில் உழைத்தவர்கள், பகல் முழுவதும் குறைசொல்ல முடியாதபடி வேலை பார்த்துவிட்டு இரவில் காப்பிக் கடையில் ஒரு சொல் பொறுக்காமல் கையை ஓங்கியவர்கள். அவர்கள் சிறைக்குச் சென்றது சோம்பலுக்காக அன்று. ஆகவே சிறையில் உழைப்பது அவர்களுடைய பிரச்சினையைத் தானாகவே தீர்த்துவிடாது. சினம் வரும் இடம் எது, வரும்போது என்ன செய்வது என்பதைச் சோதித்துப் பார்க்கும் களமாக அந்த வேலை பயன்பட்டால்தான் அதனால் மறுவாழ்வுக்குப் பயன் உண்டு. கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றையும் இந்தக் கோணத்திலேயே பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உழைப்பு மட்டும் போதாது என்று சிங்கப்பூர் அறிந்த விதம்

சிறை உழைப்புக்கு இத்தீவில் நீண்ட வரலாறு உண்டு. 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இங்குச் சாலை போட்டார்கள், காடு திருத்தினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்று அதிபரின் இஸ்தானாவாக விளங்கும் மாளிகையும் அவர்களுடைய கைகளால் எழுந்தவை. தேவாலயச் சுவரின் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு, சிப்பிச் சுண்ணாம்பு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்துச் செய்யும் சென்னைச் சுண்ணாம்பு முறையில் அமைந்தது என்பதைத் தமிழர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. நன்னடத்தையுடன் உழைத்தவர்களுக்குச் சக கைதிகளை மேற்பார்க்கும் பொறுப்பும், பின்னர் வெளியில் தங்கிப் பிழைக்கும் உரிமையும் தரப்பட்டன.

ஆனால் குடும்பத்தினர் கருத்தில் கொள்ள வேண்டிய பாடம் இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நடந்தது. தேவன் நாயர் தலைமையில் அமைந்த சிறைச்சாலை விசாரணை ஆணையத்தின் காலத்தில், 1960ஆம் ஆண்டு, தென்கடலில் உள்ள புலாவ் செனாங் தீவில் சுவரில்லாத ஒரு குடியிருப்பு தொடங்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டிருந்த ரகசியக் கும்பல் உறுப்பினர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். கண்காணிப்பாளர் டேனியல் டட்டன், கடும் உழைப்பு எந்த மனிதனையும் மாற்றிவிடும் என்று உறுதியாக நம்பினார். காவலர்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. தடுப்புக்காவலில் இருந்தவர்கள் வீடுகள், சாலைகள், பட்டறைகள் என்று ஒரு சிற்றூரையே கட்டியெழுப்பினார்கள். 1963ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அவர்களில் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்து, தாங்கள் கட்டியவற்றைத் தாங்களே கொளுத்தி, டட்டனையும் வேறு சில அதிகாரிகளையும் கொன்றார்கள். 58 பேர்மீது வழக்கு நடந்தது. 18 பேர் 1965இல் தூக்கிலிடப்பட்டார்கள். படகுத்துறையில் வேலை நேரத்தைத் தாண்டி உழைக்க மறுத்த தச்சர்கள் சிலர் சாங்கிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது கலவரத்திற்கு முன் நடந்த நிகழ்ச்சிகளில் முக்கியமானது என்பர். சாங்கிக்குத் திரும்புவதென்றால் விடுதலை தள்ளிப்போகிறது என்று பொருள்.

அந்தத் தீவில் உழைப்புக்குக் குறைவில்லை. உழைப்பின்போது எழும் மனத்தாங்கலைச் சொல்லவும் கேட்கவும் ஓர் ஏற்பாடு மட்டும் இல்லாமல் போயிற்று என்பது என் கருத்து. கும்பலாக வந்தவர்கள் கும்பலாகவே வேலை செய்தார்கள், கும்பலாகவே எழுந்தார்கள். இன்றைய சிங்கப்பூர்ச் சிறைத்துறை வேலையை ஒரு கையாலும் உளவியல் சார்ந்த திருத்தப் பயிற்சியை மறு கையாலும் பிடித்திருப்பதன் தேவையை, புலாவ் செனாங்கை நினைத்தால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் மாதங்களில் கேட்டறிய வேண்டியவை

தண்டனை தொடங்கியதும் ஒவ்வொரு சிறைவாசியும் மதிப்பிடப்படுகிறார். மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு எவ்வளவு, அந்த வாய்ப்பைக் கூட்டுபவை எவை என்று அதிகாரிகள் ஆராய்கிறார்கள்: பழகும் நண்பர்கள், மது, வன்முறையைச் சரியென்று நினைக்கும் எண்ணப்போக்கு, குடும்ப உறவு, வேலை, படிப்பு. கனடா நாட்டு உளவியலாளர்கள் 1990ஆம் ஆண்டில் முறைப்படுத்திச் சொன்ன கொள்கை ஒன்று இதற்கு அடிப்படை: அதிக ஆபத்து உள்ளவருக்குத் தீவிரப் பயிற்சி தர வேண்டும், குறைந்த ஆபத்து உள்ளவரைத் தீவிரப் பயிற்சியில் சேர்த்தால் பயனில்லை, சில வேளைகளில் தீங்கும் விளையும். ஆகவே உங்கள் மகன் எந்தப் பயிற்சியிலும் சேர்க்கப்படவில்லை என்று தெரிந்தால் உடனே அதைப் புறக்கணிப்பு என்று எண்ண வேண்டாம். சேர்க்கப்பட்டிருக்கிறார் என்றால் அதை அவமானமாகவும் எண்ண வேண்டாம்.

தண்டனையின் நீளமும் முக்கியம். வேண்டுமென்றே காயம் விளைவித்த குற்றத்திற்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். கொடுங்காயம் என்றால் பத்தாண்டு வரை போகலாம். ஆனால் நடைமுறையில் சில வாரமோ சில மாதமோ பெறுபவர்களும் உண்டு. அவ்வளவு குறுகிய காலத்தில் வன்முறைத் தடுப்புப் பயிற்சி போன்ற நீண்ட திட்டங்களை முடிப்பது கடினம். அத்தகைய குடும்பங்கள், உள்ளே எல்லாம் சரிசெய்து அனுப்புவார்கள் என்று காத்திராமல், குடும்பச் சேவை நிலையத்தின் மூலம் வெளியில் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதை விடுதலைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பயிற்சியில் நடப்பது என்ன என்று குடும்பத்தினர் தெரிந்துகொள்வது நல்லது. சொற்பொழிவு கேட்டுவிட்டு வருவதன்று அது. குற்றம் நடந்த இரவைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள்: யார் என்ன சொன்னார், அதை எப்படிப் பொருள்கொண்டாய், உடம்பில் எங்கே சூடு ஏறியது, அந்தக் கணத்தில் விலகிச் செல்ல எத்தனை வழி இருந்தது, ஏன் செல்லவில்லை. "அவன் என்னை முறைத்தான்" என்பதற்கும் "அவன் என்னை அவமானப்படுத்த நினைத்தான்" என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு என்பதைக் கண்டுகொள்ளவே பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். நம் வீடுகளில் மானம் என்ற பெயரில் இந்த இடைவெளியை நாமே அடைத்துவைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "உன்னை அடித்தவனைச் சும்மா விட்டுவிட்டா வந்தாய்" என்று பத்து வயதில் மகனைக் கேட்ட தந்தைக்கும் இந்தப் பாடத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

வேலையைத் தேர்ந்தெடுப்பதும் கவனிப்பதும்

சிறையில் வேலையையும் தொழிற்பயிற்சியையும் நடத்துவது 'மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர்' என்ற சட்டபூர்வ அமைப்பு. 1976ஆம் ஆண்டு ஸ்கோர் என்ற பெயரில் தொடங்கி, 2020ஆம் ஆண்டு மே மாதம் இப்பெயரைப் பெற்றது. பெரியவர்கள் பலர் இன்றும் ஸ்கோர் என்றே சொல்வதால் குழப்பமடைய வேண்டாம், இரண்டும் ஒன்றே. வளாகத்திற்குள் பெரிய சமையற்கூடமும் ரொட்டி அடுமனையும் இயங்குகின்றன. மருத்துவமனைகளின் விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடம் இருக்கிறது. பொதிகட்டும் வேலை, தொலைபேசிச் சேவை நிலைய வேலை ஆகியவையும் உண்டு. அண்மை ஆண்டுகளில் துல்லியப் பொறியியல், ஊடகம், தளவாடம் ஆகிய துறைகளில் நிறுவனங்களோடு இணைந்து பயிற்சி தந்து வேலையில் அமர்த்தும் ஏற்பாடும் வளர்ந்திருக்கிறது.

யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்வது அதிகாரிகளே. கத்தியும் கருவியும் புழங்கும் இடத்தில் வன்முறைக் குற்றவாளி ஒருவரை அமர்த்துவதற்கு முன் அவருடைய நடத்தை நன்றாகக் கவனிக்கப்படும். சில வேலைகளுக்கு அவர் பரிசீலிக்கப்படாமலும் போகலாம். ஆயினும் சிறைவாசி தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம், தம்மை மேற்பார்க்கும் அதிகாரியிடம் அதைப் பற்றிப் பேசலாம். குடும்பம் அவருக்குச் சொல்லக்கூடிய அறிவுரையை இங்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயது குறைவாக இருந்து உயர்நிலைப் படிப்பு முடியாதிருந்தால் வேலையைவிடப் படிப்பையே முதலில் கேட்கச் சொல்லுங்கள். தானா மேரா சிறைச்சாலையில் உள்ள சிறைப் பள்ளியில் சாதாரண நிலை முதல் மேல்நிலை வரையிலான தேர்வுகளுக்குப் படிக்கலாம். நைட்டெக் தொழிற்கல்வியும் உண்டு. சிறையில் இருக்கும் காலம் கையைவிட்டுப் போனால், முப்பது வயதுக்கு மேல் குடும்பப் பொறுப்போடு அந்தப் படிப்புக்குத் திரும்புவது எத்தனை கடினம் என்பது வெளியில் உள்ள நமக்குத் தெரியும்.

படிப்பு இல்லையென்றால், வெளியில் உண்மையாகவே ஆள் தேவைப்படும் வேலையோடு தொடர்புள்ளதைக் கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழ் கிடைக்கும் பயிற்சி, கிடைக்காத வேலையைவிட மேல். அடுத்து, தனியாக ஒரு மூலையில் அமர்ந்து செய்யும் வேலை அமைதியாகத் தோன்றும். கோபக்காரருக்கு அதுவே பொருத்தம் என்று குடும்பமும் நினைக்கும். தொடக்கத்தில் அது சரி. ஆனால் தண்டனைக் காலம் முழுவதும் அப்படியே கழிந்தால், வெளியே வந்த முதல் மாதத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளும்போது அவருக்கு அது புத்தம்புதிய சோதனையாக இருக்கும். சமையற்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வெக்கை, இரைச்சல், அவசரம், ஒருவர் தாமதித்தால் அடுத்தவருக்கு ஏச்சு. அங்கே ஓராண்டு சண்டையின்றிக் கடந்தவர் ஏதோ ஒன்றைக் கற்றிருக்கிறார் என்று நம்பலாம். பயிற்சி வகுப்பு நீச்சலைப் பற்றிச் சொல்லித்தருவது என்றால், இத்தகைய கூட்டு வேலை தண்ணீரில் இறங்குவது. வகுப்பும் வேலையும் ஒரே காலத்தில் நடப்பது சிறந்தது. வேலையிடத்தில் நடந்ததை வகுப்பில் கொண்டுபோய்ப் பேச முடியும்.

வேலைக்குக் கிடைக்கும் படித்தொகை சிறியது. சிறைக் கடையில் தின்பண்டம் போன்றவற்றை வாங்கிக்கொள்ள அது உதவும். வெளியில் உள்ள பிள்ளைகளின் செலவுக்கு அதை நம்பித் திட்டமிட வேண்டாம். சிறை உழைப்புக்கான ஊதியம் உலகெங்கும் வாதத்திற்குரியதே. 1930ஆம் ஆண்டின் கட்டாய உழைப்பு உடன்படிக்கை, நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் பொது அதிகாரிகளின் மேற்பார்வையில் வாங்கப்படும் உழைப்புக்கு விலக்கு அளிக்கிறது. 2015இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற மண்டேலா விதிகளோ நியாயமான ஊதியமுறை வேண்டும் என்கின்றன. என் நிலைப்பாடு இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ஆனால் இந்த வழிகாட்டியின் வாசகருக்கு உடனடியாக வேண்டியது வீட்டுச் செலவுக்கு வழி. அதற்குச் சமூக சேவை அலுவலகத்தை நாடி உதவி கேளுங்கள், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் பேசுங்கள். குடும்பத்தின் ஒப்புதலோடு அடித்தளத் தொண்டூழியர்கள் வீட்டுக்கே வந்து தேவைகளைக் கேட்டறியும் மஞ்சள் ரிப்பன் சமூகத் திட்டமும் 2010 முதல் நடந்துவருகிறது. அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்கி ஒப்புதல் தர மறுக்கும் குடும்பங்கள் தமக்கே தீங்கு செய்துகொள்கின்றன.

சந்திப்பிலும் கடிதத்திலும்

சந்திப்பு நேரம் குறுகியது; நேரிலோ காணொளி வழியாகவோ நடக்கும்; முன்பதிவு வேண்டும். சந்திப்பும் கடிதமும் கண்காணிக்கப்படும் என்பதை மறவாமல், பாதிக்கப்பட்டவரைப் பற்றியோ பழைய கும்பலைப் பற்றியோ செய்தி கடத்தும் வேலையைக் குடும்பம் ஒருபோதும் செய்யக்கூடாது. "அண்ணனுங்க விசாரிச்சாங்க" என்ற ஒரு வரியே, மாதக்கணக்காக ஒருவர் விலகியிருக்கச் செய்த முயற்சியைக் கெடுத்துவிடும்.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பது தாயின் இயல்பு, கேளுங்கள். அதோடு, "வேலை செய்யும் இடத்தில் யாரோடாவது ஒத்துவரவில்லையா, அப்போது நீ என்ன செய்தாய்" என்றும் கேளுங்கள். அவர் கதை சொல்லத் தொடங்கினால் குறுக்கிட்டு யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். மனைவியாக இருந்தால், "போன தடவை சொன்னீர்களே, அந்த ஆளோடு இப்போது பேச்சுவார்த்தை எப்படி இருக்கிறது" என்று தொடர்ந்து கேட்பது, நீங்கள் உண்மையாகவே கவனிக்கிறீர்கள் என்று அவருக்குக் காட்டும். எல்லாக் கதையிலும் மற்றவரே குற்றவாளியாக இருந்தால், எந்தச் சண்டையிலும் தம் பங்கு என்று ஒன்றுமே இல்லையென்றால், அவர் எத்தனை சான்றிதழ் வாங்கியிருந்தாலும் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "நானும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்" என்ற சொல் ஒரு நாள் தானாக வந்தால், அதைப் பெரிதுபடுத்திப் பாராட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதலை நாளைப் பற்றிய சட்டநிலை

பொதுவாகத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் விடுதலை கிடைக்கும். 2014ஆம் ஆண்டு ஜூலை முதல் இந்தக் குறைப்பு நிபந்தனைக்கு உட்பட்டது. இதைக் குடும்பத்தினர் சரியாகப் புரிந்துகொள்ளாததால் பின்னால் துன்பப்படுவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஆறாண்டுத் தண்டனை பெற்றவர் நான்காண்டு கழித்து வெளியே வருகிறார். எஞ்சிய இரண்டாண்டு காலத்திற்கு, மீண்டும் குற்றம் புரியக்கூடாது என்ற நிபந்தனை ஆணை அவர்மீது இருக்கும். வெளியே வந்த ஆறாம் மாதத்தில் மீண்டும் குற்றம் புரிந்து சிறைத்தண்டனை பெற்றால், புதிய குற்றத்திற்கான தண்டனைக்கு மேல், மிச்சமிருந்த பதினெட்டு மாதம் வரை கூடுதலாகச் சிறையில் அடைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. விடுதலை நாளன்று விருந்து வைக்கும் உறவினர் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மீண்டும் குற்றம் புரியும் ஆபத்து மிகுந்தவர்களும் கூடுதல் ஆதரவு தேவைப்படுபவர்களும் கட்டாயப் பின்பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கப்படுவார்கள். வன்முறைக் குற்றங்களுக்காகச் சென்றவர்கள் பலர் இதில் வரக்கூடும். 'ஹாஃப்வே ஹவுஸ்' என்று எல்லோரும் சொல்லும் இடைக்கால மறுவாழ்வு இல்லத்தில் சில காலம், பிறகு வீட்டில் ஊரடங்கு நேரத்துடனும் மின்னணுப் பட்டையுடனும் சில காலம், அதன் பிறகு தளர்ந்த மேற்பார்வையில் சில காலம் என்று மூன்று கட்டமாக அது நடக்கும். நிபந்தனையை மீறினால் மீண்டும் சிறைக்கு அழைக்கப்படலாம். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆஷ்ரம் நம் சமூகத்தினர் அறிந்த இடைக்கால இல்லம்; ஆனால் யார் எங்குச் செல்வது என்பதைச் சிறைத்துறையே முடிவு செய்கிறது.

கொடிய வன்முறைக் குற்றங்களுக்கு நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு புதிய தண்டனைக்கு வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அத்தண்டனையில் ஐந்து முதல் இருபதாண்டு வரையிலான குறைந்தபட்சக் காலம் முடிந்த பிறகும், பொதுமக்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று மறுஆய்வில் தெரிந்தால்தான் விடுதலை. நாள் எண்ணிக் காத்திருப்பது அங்குப் பயன்படாது. மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

வன்முறைக்கு ஆளானவர் வீட்டிலேயே இருப்பவர் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அவருடைய பாதுகாப்பைப் பாருங்கள். "திருந்தி வருகிறார், ஏற்றுக்கொள்" என்று மாமியாரோ மூத்த உறவினரோ அந்தப் பெண்ணை நெருக்குவது நம்மிடையே நடக்கிறது, அது தவறு. தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு அவர் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தங்கள், வன்முறை புரிந்தவர் விலகியிருக்கவும் தொடர்பு கொள்ளாதிருக்கவும் ஆணையிட இடம் தருகின்றன. ஆபத்து என்று தோன்றினால் 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. விடுதலையாகி வருபவர் வேறு இடத்தில் தங்க வேண்டியிருக்கும் என்பதை விடுதலைக்குப் பல மாதம் முன்பே அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் இடம் தேடுவது கடினம்.

வன்முறை வெளியே நடந்தது என்றால், யாரோடு, எங்கே, எந்த நேரத்தில் என்று யோசியுங்கள். பெரும்பாலும் விடை ஒரு காப்பிக் கடையிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ இருக்கும், மேசையில் போத்தல் இருக்கும். இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடத்தில் மது அருந்துவதே குற்றம். லிட்டில் இந்தியா போன்ற மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களில் விதிகள் இன்னும் கடுமையானவை. பழைய நண்பர்கள் அதே வட்டாரத்தில் இருந்தால், சில மாதத்திற்கேனும் அக்காள் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ தங்கவைக்க முடியுமா என்று பாருங்கள்.

வேலை தேடுதலும் பதிவைச் சொல்லுதலும்

விடுதலைக்குச் சில மாதம் முன்பே மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூரின் வேலை ஆலோசகர் ஒருவர் பேசத் தொடங்குவார். வேலையில் சேர்ந்த பிறகும் சில காலம் தொடர்ந்து உதவுவார். அவரைத் தவிர்க்காமல் இருப்பதே முதல் வேலை.

குற்றப்பதிவைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதத்திற்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்று, ஐந்தாண்டு குற்றமின்றி இருந்தவரின் பதிவு, வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, காலாவதியாகும். அதன் பிறகு பதிவு இல்லை என்று அவர் சட்டப்படி சொல்லலாம். கடுமையான வன்முறைக் குற்றங்களுக்கு இச்சலுகை கிடையாது. ஆகவே நம் வாசகர்களின் வீட்டவர் பலர் வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்வியை எதிர்கொள்வார்கள். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் இனம், சமயம், வயது, பாலினம் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு தர வழிசெய்கிறதே தவிர, குற்றப்பதிவை அதில் சேர்க்கவில்லை. மறுப்பு வரும், அதற்கு மனத்தை ஆயத்தப்படுத்த வேண்டும்.

கேட்கப்பட்டால் பொய் சொல்லக்கூடாது, கதையும் அளக்கக்கூடாது. நான்கு வாக்கியம் போதும்: "சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சண்டையில் ஒருவரைக் காயப்படுத்தினேன், அதற்குச் சிறை சென்றேன். உள்ளே இருந்த காலத்தில் இரண்டாண்டு சமையற்கூடத்தில் வேலை செய்தேன். கோபத்தைக் கையாளும் பயிற்சியையும் முடித்தேன். என் மேற்பார்வையாளரையும் வேலை ஆலோசகரையும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்." அவன் தூண்டினான், நான் குடித்திருந்தேன் என்ற விளக்கங்களை முதலாளி கேட்டாலொழியச் சொல்ல வேண்டாம். வீட்டில் யாராவது முதலாளியாக நடித்து, வேண்டுமென்றே கொஞ்சம் குத்தலாகக் கேட்டு, இதைப் பலமுறை பழக்குவது நல்லது. முகம் சிவக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

முன்னாள் குற்றவாளிகளை அமர்த்தும் முதலாளிக்கு, 4,000 வெள்ளிக்குக் குறைந்த சம்பளமாக இருந்தால், முதல் ஒன்பது மாதங்களுக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 600 வெள்ளி உச்சவரம்புடன், அரசாங்கம் ஈடுசெய்யும் திட்டம் 2023இல் தொடங்கியது. சிறு கடை, சிறு பட்டறை நடத்தும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. ஆலோசகரிடம் தற்போதைய விதிகளைக் கேட்டுக்கொண்டு முதலாளியிடம் எடுத்துச் சொல்லலாம். பாதுகாவலர், டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் போன்ற உரிமம் தேவைப்படும் வேலைகளுக்குப் பதிவு பரிசீலிக்கப்படும் என்பதால், அவற்றில் சேரலாம் என்று கட்டணம் கட்டிப் பயிற்சிக்குச் செல்வதற்கு முன் உரிமம் வழங்கும் அமைப்பிடம் விசாரியுங்கள்.

முதல் இரண்டாண்டு

விடுதலையாகி ஈராண்டுக்குள் மீண்டும் சிறைக்குத் திரும்புவோர் விகிதம் 1990களின் பிற்பகுதியில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. அண்மை ஆண்டுகளில் ஐவரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. ஐந்தாண்டுக் கணக்கு எடுத்தால் அது ஏறக்குறைய இருமடங்காகிறது. ஆகவே இரண்டாண்டு கடந்தவுடன் குடும்பம் தளர்ந்துவிடக் கூடாது.

முதல் வேலை நிலைப்பது அரிது. சம்பளம் குறைவு, பயணம் தூரம், மேலாளர் பதிவைப் பற்றிக் கேலி பேசினார் என்று ஏதோ ஒரு காரணத்தால் விட்டுவிடுவார். அப்போது குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் விட்டாய்" என்பதன்று, "எப்படி விட்டாய்" என்பதே. மேலாளரிடம் சொல்லி, முன்னறிவிப்புத் தந்து, சம்பளத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினாரா, அல்லது மேசையைத் தட்டிவிட்டு வந்தாரா? முன்னது என்றால் அது தோல்வியே அன்று. அடுத்த வேலைக்கு ஆலோசகரை அன்றே அழைக்கச் சொல்லுங்கள். பின்னது என்றால், அடி விழவில்லை என்பதற்காக நிம்மதியடைந்து விட்டுவிடாமல், மறுநாளே அவருடைய மேற்பார்வை அதிகாரியிடமோ ஆலோசகரிடமோ உண்மையைச் சொல்லி மீண்டும் பயிற்சிக்கு வழி கேளுங்கள். மின்னணுப் பட்டையும் ஊரடங்கு நேரமும் உள்ள காலத்தில் வேலை மாறினால், வேலை நேரம் மாறுவதை முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெற வேண்டும். சொல்லாமல் இரவு வேலைக்குச் சென்றுவிட்டு, உழைக்கத்தானே போனேன் என்று வாதிட்டால் அது நிபந்தனை மீறலாகவே கொள்ளப்படும். மேற்பார்வை முடிந்த பிறகும் பேச ஆள் வேண்டும் என்றால், 1956 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்ப் பின்பராமரிப்புச் சங்கமும், முன்னாள் குற்றவாளிகளையும் அவர்களின் குடும்பத்தினரையும் உறுப்பினராகக் கொண்ட இஸ்கோஸ் கூட்டுறவுச் சங்கமும் இருக்கின்றன. விடுதலையான முதல் மாதத்திலேயே ஒன்றில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.